அயலார் சொல்லும் ஆப்தர் இலக்கணமும்: தொலைவிலிருந்து பிறர் அனுபவத்தை அறிதல்

பிறர் உள்ளத்தில் நிகழ்வதை ஒருவர் எதைக் கொண்டு அறிகிறார் என்னும் கேள்வி இந்திய மெய்யியலில் மிகப் பழையது. அறிவு பிறக்கும் வாயிலை அளவை அல்லது பிரமாணம் என்று வழங்கிய தரிசனங்கள் அதன் எண்ணிக்கையில் ஒன்றோடொன்று மாறுபட்டன. சார்வாகர் காண்டல் ஒன்றையே ஏற்க, பௌத்த அளவையியலார் காண்டலோடு கருதலையும் சேர்த்தனர். நியாய நூலார் ஒப்பு, உரை ஆகிய இரண்டையும் கூட்டி நான்கு என்றனர். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வைதிகவாதியின் வாயிலாகப் பத்து அளவைகள் எண்ணப்படுகின்றன. சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியாரோ பல்வகை அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கிவிடுகிறார். புலன்வழி நேரே அறிவது காண்டல். கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றைத் துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. மண்டபங்களில் வாதிக்கப்பட்ட இந்த மூன்றும் இன்று மென்பொருள் செய்வோரின் அன்றாட வேலையில் வேறு பெயர்களோடு புழங்குவதும், அங்கே அவற்றுள் உரை என்னும் அளவை எதிர்பாராத ஒரு சோதனைக்கு உள்ளாகியிருப்பதும் மெய்யியல் நோக்கில் ஆராயத்தக்கவை.

யூசபிலிட்டி டெஸ்டிங் என்று தொழிலில் வழங்கும் பயன்பாட்டுச் சோதனை என்பது, ஒரு செயலியையோ இணையதளத்தையோ அதைப் பயன்படுத்தப் போகிறவரிடமே கொடுத்து, பயணச்சீட்டு எடுப்பது, பணம் அனுப்புவது போன்ற ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, அவர் எங்கே தயங்குகிறார், எங்கே வழி தவறுகிறார் என்று கவனித்துக் குறிப்பதாகும். தொடக்கத்தில் இது ஆய்வுக்கூடத்தில், ஒரே அறையில் நடந்தது. 1996இல் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெக்ஸ் ஹார்ட்சனும் அவருடைய குழுவினரும் கணினி வலையமைப்பையே ஆய்வுக்கூடத்தின் நீட்சியாகக் கொள்ளலாம் என்று எழுதினர். அவ்வழியில் வளர்ந்த தொலைநிலைச் சோதனை இன்று இரு வகைப்படும். நடத்துபவர் ஒரு நாட்டிலும் பயனர் வேறொரு நாட்டிலும் இருந்தபடி, திரையைப் பகிர்ந்து, பேசிக்கொண்டே நடத்துவது ஒன்று. நடத்துபவர் இல்லாமலே பயனர் தனியே செய்து முடிக்க, பதிவைப் பின்னர் ஆராய்வது மற்றொன்று. இரண்டிலும் கிடைக்கும் சான்றுகள் மூவகையே: பகிரப்பட்ட திரையில் காணப்படுவது, எடுத்துக்கொண்ட நேரம், அழுத்திய பொத்தான்கள் ஆகியவற்றிலிருந்து ஊகிக்கப்படுவது, பயனர் தம் வாயால் சொல்வது.

இச்சோதனை ஏன் பயனரின் அனுபவத்தைத் தேடி அலைய வேண்டும், பொருளை மட்டும் ஆராய்ந்தால் போதாதா என்று கேட்கலாம். 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 9241-11 என்னும் பன்னாட்டுத் தரநிலை இதற்கு விடை தருகிறது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கங்களுக்காக, குறிப்பிட்ட சூழலில் ஒன்றைப் பயன்படுத்தும்போது அடையும் விளைதிறன், வினைத்திறன், மனநிறைவு ஆகியவற்றின் அளவே பயன்படுதன்மை என்று அது வரையறுக்கிறது. பயனரையும் சூழலையும் நீக்கிவிட்டால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. வைசேடிக மொழியில் சொன்னால், பயன்படுதன்மை செயலியில் மட்டும் தங்கும் பண்பு அன்று. சேரும் இரண்டிலும் ஒருங்கே தங்கும் சம்யோகத்தை, அதாவது சேர்க்கையை ஒத்தது. ஆகவே ஒரு செயலியின் தரத்தை அறிவதென்பது தவிர்க்கவியலாதபடி மற்றொரு மனிதரை அறிவதாகிறது; அம்மனிதர் வேறு நாட்டவராக, வேறு மொழியினராக இருக்கும்போது கேள்வி கூர்மையடைகிறது.

முதலில் காண்டலை எடுத்துக்கொள்ளலாம். தொலைவு காண்டலைக் கெடுத்துவிடும் என்பதே எவருக்கும் எழும் முதல் ஐயம். நேரில் அமர்ந்திருக்கையில் தெரியும் முகக்குறிப்பும் கை நடுக்கமும் சிறு கேமராச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஒரே கைப்பேசியை வீட்டில் நால்வர் பகிர்ந்து பயன்படுத்துவது திரையில் தெரிவதில்லை. ஆயினும் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஒப்பீடு இந்த ஐயத்தை ஓரளவு தணிக்கிறது. நடத்துபவர் தொலைவிலிருந்து உடனுக்குடன் பேசி நடத்திய சோதனை, ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஏறத்தாழ ஒப்பான பலனைத் தந்தது. நடத்துபவர் இல்லாமல் நடந்த சோதனைகளே குறைவான சிக்கல்களைக் கண்டறிந்தன. இதிலிருந்து பெறப்படுவது, இடத்தொலைவு தன்னளவில் பெருந்தடை அன்று என்பதாகும். தடை வேறெங்கோ இருக்கிறது. அதைக் கருதலிலும் உரையிலும்தான் தேட வேண்டும்.

பிற உயிரின் உள்ளத்தைக் கருதலால் அறியலாம் என்பதற்குப் புகழ்பெற்ற வாதத்தை அமைத்தவர் ஏழாம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தருமகீர்த்தி. சந்தானாந்தர சித்தி என்னும் அவருடைய சிறுநூலின் வடமொழி மூலம் மறைந்துபோக, திபெத்திய மொழிபெயர்ப்பே எஞ்சியுள்ளது. ஒருவர் தம் பேச்சுக்கும் செயலுக்கும் முன்னே தம் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவதை அறிகிறார். தம் எண்ணம் முன்னில்லாமலே பேச்சும் செயலும் வெளியே தோன்றக் காணும்போது, அவற்றுக்கு முன்னேயும் ஓர் எண்ணம் இருக்க வேண்டுமென்றும், அது வேறொரு மனத்தொடரைச் சேர்ந்ததென்றும் துணிகிறார். பதினொன்றாம் நூற்றாண்டில் ரத்னகீர்த்தி இதே பௌத்த மரபுக்குள் நின்று, முடிந்த உண்மையின் தளத்தில் இவ்வாதம் நில்லாது என்று மறுத்தார். மறுப்பின் நுட்பங்கள் எவ்வாறாயினும், இக்கருதலின் அடிப்படையில் ஒரு பலவீனம் உண்டு. பிறர் செயலைப் படிக்க உதவும் அகராதி, படிப்பவர் தம் சொந்த உள்ளத்திலிருந்து எடுத்ததாகவே இருக்கிறது. பிறிதொரு மனம் உண்டு என்று நிறுவுவதற்கு அது போதலாம். அம்மனத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குப் போதுமா என்பதே கேள்வி.

தொலைநிலைச் சோதனையின் பதிவேடு இக்குறையை நன்கு காட்டுகிறது. இந்தோனேசியாவில், சிறப்பாகச் சாவக மக்களிடையே, ஒற்றைப் பெயர் உடையவர்கள் பலர். அந்நாட்டின் முதல் இரு குடியரசுத் தலைவர்களான சுகர்ணோ, சுகார்த்தோ ஆகியோரின் பெயர்களே இதற்குச் சான்று. அத்தகைய ஒருவர், முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் இரு கட்டங்களும் கட்டாயமாக நிரப்பப்பட வேண்டிய படிவத்தைச் சந்திக்கும்போது, தம் பெயரையே இரு கட்டங்களிலும் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது வழக்கமான ஒன்று. பதிவேட்டில் இது எப்படித் தெரியும்? பிழைச் செய்தி எதுவும் இல்லை. தயக்கம் சில நொடிகளே. வேலை வெற்றியுடன் முடிந்தது. குடும்பப்பெயர் உடைய ஆய்வாளர் தம் அனுபவத்தைக் கொண்டு இதைப் படித்தால் படிவம் எளிமையானது என்றே முடிவு செய்வார். ஒரு மனிதர் தம் பெயரைப் பொய்யாக எழுத நேர்ந்ததும், பின்னர் அப்பெயர் கடவுச்சீட்டோடு பொருந்தாமல் போகக்கூடும் என்ற கவலையும் அந்தச் சில நொடிகளுக்குள் அடங்கியிருந்ததைக் கருதல் காட்டித்தரவில்லை. செயல் அதே செயல்தான். அதற்கு முன் எழுந்த எண்ணம் வேறு.

இதைச் சரிசெய்ய வேண்டி, ஆய்வாளர்கள் தம் உள்ளத்துக்குப் பதிலாகப் பண்பாட்டைப் பற்றிய பொதுவிதியை இடையில் வைத்துப் பார்த்தனர். ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1960களின் இறுதியிலிருந்து சேர்த்த கருத்துக் கணிப்புகளைக் கொண்டு கீர்ட் ஹோஃப்ஸ்டீட் 1980இல் வெளியிட்ட நூல், அதிகார இடைவெளி, தனிமனிதச் சார்பு முதலிய அளவுகோல்களில் நாடுகளுக்கு மதிப்பெண் தந்தது. இடைமுக வடிவமைப்பாளர்கள் பலர் அம்மதிப்பெண்களைக் கையாண்டனர். ஆனால் கருதல் செல்லுபடியாக வேண்டுமானால் வியாப்தி, அதாவது புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது போன்ற பிறழா உடனிகழ்ச்சி வேண்டும். நாட்டின் சராசரி அத்தகையது அன்று; ஒரு நாட்டின் மதிப்பெண்ணை அந்நாட்டின் தனிமனிதர் ஒருவர்மேல் ஏற்றக்கூடாது என்று ஹோஃப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார். இவ்வாறு சில இடத்தில் பொருந்தியும் சில இடத்தில் பொருந்தாமலும் நிற்கும் ஏதுவை மணிமேகலையின் அளவையியல் பகுதி அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாக எண்ணுகிறது. பொதுவிதிகளின் அடித்தளமே ஒருபக்கம் சாய்ந்தது என்பதும் உண்டு: மனித-கணினி ஊடாட்டத் துறையின் முதன்மை மாநாடான சிஹெச்ஐயின் 2016 முதல் 2020 வரையிலான கட்டுரைகளை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வின்படி, முடிவுகளில் 73 விழுக்காடு, உலக மக்கள்தொகையில் 12 விழுக்காட்டுக்கும் குறைவான மேலை நாட்டினரிடமிருந்து பெறப்பட்டவை.

எஞ்சியிருப்பது உரை. காணவும் கருதவும் முடியாததைக் கேட்டு அறிந்துகொள்ளலாமே என்பது இயல்பான எண்ணம். உரத்த சிந்தனை முறை அதிலிருந்து பிறந்தது. பயனர் தாம் செய்வதைச் செய்துகொண்டே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அம்முறையின் விதி. ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இல் இதற்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தனர்: ஏற்கெனவே சொல்வடிவில் உள்ளத்தில் இருப்பதை வெளியே சொல்வது சிந்தனையின் வேகத்தைக் குறைக்கலாம், போக்கை மாற்றாது என்றனர். இக்கூற்று எல்லா மக்களுக்கும் ஒக்குமா என்பதை 2002இல் ஹீஜங் கிம் சோதித்தார். வடிவப் புதிர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விடுவிக்கச் செய்தபோது, ஐரோப்பிய வழி அமெரிக்கர்களின் திறன் குறையவில்லை. கிழக்காசிய வழி அமெரிக்கர்களின் திறன் குறைந்தது. பேச்சும் சிந்தனையும் ஒன்றே என்னும் எண்ணம் எல்லா மரபுக்கும் பொதுவானது அன்று என்பதையே இது சுட்டுகிறது. மௌனத்தில் தெளியும் சிந்தனையை ஒலிவாங்கி முன் நிறுத்தினால் கிடைப்பது அச்சிந்தனை அன்று.

இதனினும் ஆழமான இடர் ஒன்று பெங்களூருவில் வெளிப்பட்டது. நிக்கி டெல்லும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்நகரில் 450 நேர்காணல்கள் நடத்தி 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்றுக்கொன்று எவ்வித வேறுபாடும் இல்லாத இரண்டு பொருள்களைக் காட்டி, ஒன்று நேர்காணல் செய்பவரே உருவாக்கியது என்று உணர்த்தியபோது, அதையே சிறந்ததாகச் சொல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. நேர்காணல் செய்பவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசும் வெளிநாட்டவராக இருந்தபோது அது ஐந்து மடங்காயிற்று. அவருடையதை வேண்டுமென்றே கண்ணுக்குத் தெரியும்படி தரம் தாழ்த்திக் காட்டியபோதும் விருப்பம் அதன் பக்கமே நின்றது. இதற்கு முன்பே 2006இல் வெர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் இருவர், இந்தியப் பங்கேற்பாளர்கள் இந்திய நேர்காணல் செய்பவரிடம் சொன்ன குறைகளும் யோசனைகளும், ஆங்கிலோ-அமெரிக்கரிடம் சொன்னவற்றைவிட மிகுதி என்று கண்டிருந்தனர். இவ்விரு ஆய்வுகளிலும் கேட்டவரும் சொன்னவரும் நேருக்கு நேர் அமர்ந்தே பேசினர். எனவே உரையைத் திரிப்பது இடத்தொலைவு அன்று, நிலைத்தொலைவு. கேட்பவரும் சொல்பவரும் நிற்கும் படிகளுக்கு இடையிலான வேறுபாடு.

இங்கே நியாய நூலின் உரை இலக்கணத்தைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். ஆப்தருடைய உபதேசமே உரை என்பது கௌதமரின் சூத்திரம். அதற்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்தவாறே அதைத் தெரிவிக்கும் விருப்பத்தால் உந்தப்பட்டு உரைப்பவராகவும் இருப்பவரே ஆப்தர் என்றார். அதோடு நில்லாமல், இவ்விலக்கணம் முனிவர், ஆரியர், மிலேச்சர் என்னும் மூவர்க்கும் ஒக்கும் என்றும் சேர்த்தார். மிலேச்சர் என்றது மரபுக்குப் புறம்பான அயலாரை. வேதத்தின் ஏற்புடைமையைக் காக்க முற்பட்ட ஒரு நூல், நம்பத்தக்க சொல்லுக்கு வருணமும் மொழியும் காரணம் அல்ல என்று சொல்லியிருப்பது வியப்புக்குரியது. பல நாட்டுப் பயனர்களின் சொல்லை எடைபோடும் இன்றைய துறைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. தன் செயலி தன் கையில் எவ்வாறு இயங்குகிறது என்பதில் பயனரைவிட நேரே அறிந்தவர் எவரும் இல்லை; ஆகவே முதல் நிபந்தனையின்படி அவரே ஆப்தர்.

இடறுவது இரண்டாம் நிபந்தனை. பெங்களூருவில் பதில் சொன்னவர்கள் கண்டவாறே சொல்லவில்லை. அவ்வாறாயின் அவர்கள் ஆப்தர் அல்லர், அவர்கள் சொல் அளவை ஆகாது என்று தள்ளிவிடுவது இலக்கணத்தை இயந்திரம் போல் கையாளும் வழி. இவ்வழியில் சென்றால், கேட்பவரைவிடத் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்ட எந்த மக்களின் சொல்லும் ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடியாகும். யாருடைய சொல் மிகத் தேவையோ அவர்களுடைய சொல்லே முதலில் இழக்கப்படும். கேட்பவரின் முற்சாய்வால் ஒருவர் சொல்லுக்கு உரிய மதிப்புக் குறைவதை மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் சாட்சிய அநீதி என்று பெயரிட்டு ஆராய்ந்தார்; கேட்பவர் ஏற்கமாட்டார் என்று உணர்ந்து பேசுபவரே தம் சாட்சியத்தைக் குறுக்கிக்கொள்வதை 2011இல் கிறிஸ்டி டாட்சன் தனியே பிரித்துக் காட்டினார். பெங்களூரு நிகழ்வு இரண்டாவதற்கு நெருக்கமானது. ஆயினும் முற்றிலும் அதுவும் அன்று. அங்கே அச்சம் மட்டும் செயல்பட்டிருக்க வேண்டியதில்லை. வந்தவர் மனம் புண்படலாகாது என்னும் அறவுணர்வும் செயல்பட்டிருக்கலாம்.

இந்த அறவுணர்வைப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. திருக்குறளின் வாய்மை அதிகாரம் உண்மையை உள்ளதை உள்ளவாறு கூறல் என்று வரையறுக்கவில்லை. எவர்க்கும் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று வரையறுக்கிறது. வாத்ஸ்யாயனரின் இலக்கணம் சொல்லைப் பொருளோடு ஒட்டவைத்துப் பார்க்கிறது. வள்ளுவரின் இலக்கணம் சொல்லை அது சென்று சேரும் மனிதரோடு ஒட்டவைத்துப் பார்க்கிறது. தொலைதூரம் வந்து, தாம் உருவாக்கியதைக் கையில் ஏந்தி, இது எப்படி என்று கேட்பவர் முன் அமர்ந்திருக்கும் ஒருவர், இரண்டாம் இலக்கணத்தின்படி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவர் வாய்மையிலிருந்து வழுவியவர் ஆகமாட்டார். கேட்டவர் முதல் இலக்கணத்தில் நின்று கேட்டார். சொன்னவர் இரண்டாம் இலக்கணத்தில் நின்று சொன்னார்.

இரு இலக்கணங்களும் முரண்படுவது, உள்ளதைச் சொல்வது கேட்பவருக்குத் தீங்காகும் நிலையில் மட்டுமே. ஆகவே தீர்வு பயனரின் வாய்மையைத் திருத்துவதில் இல்லை. குறை சொன்னால் எவர்க்கும் தீங்கில்லை என்னும் நிலையை உண்டாக்குவதில் இருக்கிறது. அதை உண்டாக்கக் கூடியவர் கேட்பவரே. இந்தியாவில் அபலா லாஹிரி சவான் கையாண்ட பாலிவுட் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அம்முறையில், பயனரிடம் விமானச் சீட்டு எடுக்கும் தளத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பதற்குப் பதிலாக, ஓர் இந்திப்படக் கதைக்குள் அவர் நிறுத்தப்படுகிறார்: அவருடைய தங்கையோ தமையனோ பெற்ற பெண்ணுக்குத் திருமணம் நெருங்கிவிட்டது, மாப்பிள்ளை கூலிக்கொலையாளி என்பதும் ஏற்கெனவே மணமானவன் என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது, அவனுடைய மனைவியையும் அழைத்துக்கொண்டு உடனே பெங்களூரு போய்ச் சேர வேண்டும், சீட்டு எடுக்க வேண்டும். கதைக்குள் நுழைந்தவருக்குத் திரையின் ஒவ்வொரு தடையும் பெண்ணைக் காப்பாற்றும் வழியில் நிற்கும் தடையாகிறது. அதை வைது பேசுவது விருந்தினரை வைவது ஆகாது. உள்ளவாறு சொல்வதும் தீங்கின்றிச் சொல்வதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. இந்தியர் அனைவரும் திரைப்பட மயக்கத்தினர் என்று இம்முறையைப் பொதுமைப்படுத்தினால் அது முன்னர்க் கண்ட அநைகாந்திகப் போலியில் விழும். அதன் பயன் சினிமாவில் இல்லை, பழி சொல்லும் சுமையைச் சொல்பவரின் தோளிலிருந்து இறக்கியதில் இருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். உரையின் நம்பகம் கேட்பவரையும் பொறுத்தது என்று ஒப்புக்கொண்டால், கேட்பவர்க்கு ஏற்ப உண்மை மாறும் என்றாகிவிடாதா, ஒவ்வொரு பண்பாடும் மற்றொன்று நுழைய முடியாத தனி உலகம் என்னும் முடிவுக்கே அது இட்டுச்செல்லாதா என்பது அத்தடை. அவ்வாறு ஆகாது. மாறுவது உண்மை அன்று. அது வெளிவருவதற்கான வாயிலே. ஒற்றைப் பெயருடையவர் படிவத்தின்முன் பட்ட தடுமாற்றம் யார் கேட்டாலும் அதே தடுமாற்றம்தான். அது எவரிடம் சொல்லப்படும் என்பதே வேறுபடுகிறது. நேர்காணல் செய்பவர் மாறியபோது பதில்கள் மாறியதை ஆய்வாளர்கள் அளந்து காட்ட முடிந்ததே, மறைந்திருந்த ஒன்று மறைவதற்கு முன்னும் இருந்தது என்பதற்குச் சான்று. அயலார்க்கும் ஆப்தர் இலக்கணம் ஒக்கும் என்ற வாத்ஸ்யாயனர் கூற்று இவ்வாறு காக்கப்படுகிறது. அதோடு ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது: உள்ளவாறு உரைக்கும் விருப்பம் சொல்பவர் உள்ளத்தில் தானே முளைத்து நிற்கும் பொருள் அன்று, கேட்பவரின் நடத்தை அதை வளர்க்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும்.

இச்சேர்க்கையை ஏற்றால் தொழில்முறையிலும் சில கடமைகள் பின்தொடர்கின்றன. செயலியை உருவாக்கியவரே அதைப் பற்றிக் கேட்கலாகாது. கேட்கும் சூழல் தவிர்க்க முடியாததாயின், அது தம்முடையது என்று காட்டிக்கொள்ளலாகாது. பயனரின் மொழியிலேயே, அவரோடு ஒத்த நிலையில் நிற்பவரைக் கொண்டு கேட்பது செலவு கூடிய வழியாயினும் அதுவே அளவைக்குரிய வழி. இது பிடித்திருக்கிறதா என்று கேட்பதைவிட, வேலையை முடித்துக்காட்டச் சொல்லி, முடிந்தபின் அடுத்து வரும் ஒருவருக்கு எதை முன்னதாகச் சொல்லிவைப்பீர்கள் என்று கேட்பது நல்லது. அங்கே குறை சொல்வதே உதவி செய்வதாகிவிடுகிறது. சோதனையின் அறிக்கை, பயனர்கள் எந்த நாட்டினர், எத்தனை பேர் என்பதை எழுதுவது போலவே, கேட்டவர் யார், எம்மொழியில் கேட்டார், பயனர்களின் கண்ணில் அவர் எந்நிலையினராகத் தோன்றினார் என்பதையும் எழுத வேண்டும். இவ்விவரம் இல்லாத அறிக்கையில், பெரும்பாலோர் நிறைவடைந்தனர் என்ற வரி பயனர்களின் நிறைவைக் குறிக்கிறதா, அவர்களுடைய பண்பைக் குறிக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை.